கட்டடத்தின் பொன்னூல்

நுழையும்முன்

கல்லும் மணலும் எஃகும் சேர்ந்தால் மட்டும் கட்டடம் ஆகிவிடுவதில்லை. எதனை, எங்கே, எவ்வளவு, எதற்காக அமைக்க வேண்டும் என்று முடிவு செய்த பலருடைய சிந்தனையும் அதற்குள் அடங்கியிருக்கிறது. கட்டடம் எழுந்து நின்றபின் அந்தச் சிந்தனைகள் எங்கே போகின்றன? அவற்றை எழுதிக் காக்கத் தவறினால் என்ன நேரும்? கணினித்திரையில் கட்டடத்தை முன்னதாகவே கட்டிப்பார்க்கும் இக்காலத்தில், அதனைப் பற்றிய செய்திகளை ஆவணப்படுத்தும் முறையை விளக்குகிறது இப்பாடம்.

நூல் இரண்டு

தமிழில் ‘நூல்’ என்னும் சொல் பஞ்சிலிருந்து நூற்கும் இழையைக் குறிக்கும். அறிவைத் தொகுத்துரைக்கும் ஏட்டையும் குறிக்கும். மரத்தின் கோணலைத் தச்சரின் நூல் போக்குவதுபோல மனத்தின் கோணலைக் கல்வி நூல் போக்கும் என்று நன்னூலின் பாயிரம் இவ்விரு பொருள்களையும் இணைத்துக் காட்டுகிறது. கட்டடத்தொழிலில் இவ்விரு நூல்களும் இன்றும் சேர்ந்தே வாழ்கின்றன. கொத்தனார் நூல் பிடித்துச் சுவர் எழுப்புகிறார். தூக்குக்குண்டு விட்டு நேர்நிலை பார்க்கிறார். இரசமட்டம் வைத்துக் கிடைமட்டம் காண்கிறார். அவருக்குத் தரப்பட்ட வரைபடமோ, எங்கே நூல் பிடிக்க வேண்டும் என்பதைச் சொல்லும் மற்றொரு நூலாகும். முதல் நூல் பிசகினால் சுவர் கோணும்; அதனை இடித்துக் கட்டலாம். இரண்டாம் நூல் பிசகினால் உயிர்களே போகக்கூடும்.

சிறிய வீடு ஒன்றைக் கட்டும்போது உரிமையாளரும் கொத்தனாரும் நேரில் பேசியே பலவற்றை முடிவு செய்துவிடுகின்றனர். பெருங்கட்டடத்தில் அது இயலாது. கட்டடக் கலைஞர், கட்டமைப்புப் பொறியாளர், மின்பொறியாளர், குளிர்காற்று அமைப்பை வடிவமைப்பவர், எஃகு உறுப்புகளைத் தயாரிப்பவர், ஒப்பந்தக்காரர் எனப் பல தரப்பினர் அதில் ஈடுபடுகின்றனர். இவர்களுள் பலர் ஒருவரையொருவர் பார்த்துக்கூட இருக்கமாட்டார்கள். இவர்களுக்கிடையே நடக்கும் உரையாடல் ஆவணங்களின் வழியாகவே நிகழ்கிறது. ஓர் ஆவணம் தெளிவற்றுப் போனால் அந்த உரையாடல் அறுந்துபோகிறது. அதன் விளைவை உலகிற்கு உணர்த்திய நிகழ்வு ஒன்று உண்டு.

இரண்டு தண்டுகளும் 114 உயிர்களும்

1981ஆம் ஆண்டு ஜூலை 17. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த கேன்சஸ் நகரில், ஹயாத் ரீஜென்சி விடுதியின் உயர்ந்த முற்றக்கூடத்தில் மாலைநேர நடன விழா நடந்துகொண்டிருந்தது. அக்கட்டடம் திறக்கப்பட்டு ஓராண்டே ஆகியிருந்தது. கூடத்தின் குறுக்கே, கூரையிலிருந்து எஃகுத் தண்டுகளால் தொங்கவிடப்பட்ட நடைபாலங்கள் இருந்தன. நான்காம் தளத்து நடைபாலத்திற்கு நேர்கீழே இரண்டாம் தளத்து நடைபாலம் தொங்கியது. மாலை ஏழு மணியளவில் மேற்பாலத்தின் இணைப்பு பிய்ந்தது. இரண்டு பாலங்களும் கூடத்தில் இருந்தோர்மீது விழுந்தன. 114 பேர் உயிரிழந்தனர். இருநூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர்.

முதல் வடிவமைப்பின்படி, கூரையிலிருந்து இறங்கும் ஒரே நீளத் தண்டு, மேற்பாலத்தின் உத்திரத்தை ஊடுருவிச் சென்று கீழ்ப்பாலத்தையும் தாங்க வேண்டும். ஒவ்வொரு பாலமும் தனக்குரிய மரையின்மேல் தனியே அமர்ந்திருக்கும். அவ்வளவு நீளமான தண்டில் மரைப்புரி வெட்டுவதும், அப்புரி சிதையாமல் அதனை ஏற்றிப் பொருத்துவதும் கடினம். எனவே, எஃகு உறுப்புகளைத் தயாரித்தவர்கள் ஒரு மாற்றத்தைச் செய்தனர். ஒரு தண்டு இரண்டு தண்டுகள் ஆயிற்று. முதல் தண்டு கூரையிலிருந்து மேற்பாலம் வரை வந்தது. இரண்டாம் தண்டு மேற்பாலத்தின் உத்திரத்திலிருந்து கீழ்ப்பாலம் வரை சென்றது.

பார்வைக்கு இது சிறு மாற்றமே. ஆனால், ஆலம் விழுது ஒன்றில் இரண்டு சிறுவர்கள் தொங்குவதை எண்ணிப்பாருங்கள். இருவரும் விழுதையே பற்றியிருந்தால் ஒவ்வொருவருடைய கையும் அவரவர் எடையை மட்டும் தாங்கும். கீழே இருப்பவன் விழுதை விட்டுவிட்டு மேலே இருப்பவனுடைய காலைப் பற்றிக்கொண்டால், விழுது தாங்கும் எடை மாறாது. மேலே இருப்பவனின் கைகள் தாங்கும் எடையோ இருமடங்காகும். மேற்பாலத்து உத்திரத்தின் அடியிலிருந்த மரைக்கு நேர்ந்ததும் இதுவே. அமெரிக்க அரசின் தேசியத் தர நிறுவனம் நடத்திய ஆய்வின்படி, முதல் வடிவமைப்பே நகரக் கட்டட விதி கோரிய வலிமையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத்தான் கொண்டிருந்தது. மாற்றத்திற்குப் பின் அதுவும் பாதியாகக் குறைந்தது.

இத்தகைய மாற்றம் ஒருவர் கண்ணிலும் படாமல் போனது எப்படி? மாற்றத்திற்கான ஒப்புதலைத் தொலைபேசியில் கேட்டுப் பெற்றதாகத் தயாரிப்பாளர் தரப்பு கூறியது; அப்படியோர் அழைப்பு வந்ததைப் பொறியாளர் தரப்பு மறுத்தது. பொறியாளர்கள் தாங்கள் அனுப்பியவை முன்வரைவுகளே என்றனர். பட்டறையிலோ அவை இறுதி வரைபடங்களாகக் கொள்ளப்பட்டன. மாற்றம் காட்டப்பட்ட பட்டறை வரைபடங்கள் பொறியாளரின் முத்திரையைப் பெற்றன. அந்த இணைப்பின் வலிமையை எவரும் மீண்டும் கணக்கிட்டுப் பார்க்கவில்லை. பின்னர் இரு பொறியாளர்களின் தொழில் உரிமம் மிசௌரி மாநிலத்தில் நீக்கப்பட்டது.

இந்நிகழ்வில் எஃகு தோற்பதற்கு முன்பே ஆவணம் தோற்றுவிட்டது. மாற்றத்தைக் கேட்டவர் யார், ஏற்றவர் யார், எந்தக் கணக்கின் அடிப்படையில் ஏற்றார், அந்தத் தாள் முன்வரைவா இறுதியா என்னும் வினாக்களுக்கு ஐயத்திற்கு இடமில்லாத எழுத்துச்சான்று இல்லாமற் போயிற்று. இன்றைய ஆவணமுறைகள் அனைத்தும் இவ்வினாக்களுக்கு விடை தருவதற்காகவே உருவானவை எனலாம்.

வரைபடத்திலிருந்து மாதிரிக்கு

நெடுங்காலம் கட்டடங்கள் தாள்களின்மேலேயே வடிவமைக்கப்பட்டன. தளப்படம், முகப்புப்படம், வெட்டுப்படம், பொருள்களின் அளவுப்பட்டியல் என்பன தனித்தனியே வரையப்பட்டன. ஒரு சாளரத்தை ஓரடி நகர்த்தினால் அச்சாளரம் இடம்பெறும் எல்லாத் தாள்களையும் கையால் திருத்த வேண்டும். ஒரு தாளில் திருத்த மறந்தாலும் முரண்பாடு நுழைந்துவிடும்.

இந்தக் குறைக்கு மாற்றுவழி கண்டவர்களுள் முன்னோடி, அமெரிக்கப் பேராசிரியர் சார்லஸ் ஈஸ்ட்மன் ஆவார். கட்டட வடிவமைப்பில் வரைபடங்களுக்குப் பதிலாகக் கணினியைப் பயன்படுத்தலாம் என்னும் கருத்தை 1975ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் அவர் விளக்கினார். கட்டடத்தின் உறுப்புகளைப் பற்றிய செய்திகளை ஒரே இடத்தில் சேமித்து வைத்து, வேண்டிய வரைபடங்களை அதிலிருந்து கணினியே உருவாக்கித் தர வேண்டும் என்பது அவருடைய எண்ணம். ஓரிடத்தில் திருத்தினால் எல்லா இடங்களிலும் அத்திருத்தம் தோன்றும்.

அவ்வெண்ணத்தின் வளர்ச்சியே இன்று ‘பில்டிங் இன்ஃபர்மேஷன் மாடலிங்’ என வழங்கும் கட்டடத் தகவல் மாதிரியாக்கம். பொறியாளர்கள் இதனைச் சுருக்கமாகப் ‘பிம்’ என்பர். இது முப்பரிமாணப் படம் மட்டுமன்று. படத்தில் கதவு என்பது சில கோடுகள். மாதிரியிலோ அது ஒரு பொருள். அதன் அகலம், உயரம், எதனால் செய்யப்பட்டது, எத்தனை நிமிடம் தீயைத் தடுக்கும், செய்தவர் யார், எந்தச் சுவரில் அமைந்துள்ளது என்பன அதனோடு பிணைந்திருக்கும். மாதிரியோடு கட்டுமானக் கால அட்டவணையை இணைத்தால் அது நான்காம் பரிமாணம் எனப்படும். செலவுக் கணக்கையும் இணைத்தால் ஐந்தாம் பரிமாணம் எனப்படும். இந்தியாவில் நாக்பூர் மெட்ரோ இரயில் திட்டம் ஐந்து பரிமாண மாதிரியைக் கையாண்டது.

மாதிரிக்குத் துணைநிற்கும் ஆவணங்கள்

எல்லாச் செய்திகளும் மாதிரிக்குள்ளேயே இருக்கும்போது தனியே ஆவணங்கள் எதற்கு என்று தோன்றலாம். மாதிரி, கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்பதைக் காட்டும். அந்தச் செய்தி யாருக்காகத் தரப்பட்டது, அதனை எவ்வளவு நம்பலாம், அதற்குப் பொறுப்பானவர் யார் என்பதைத் தானாகக் காட்டாது. இவற்றை உரைப்பனவே துணை ஆவணங்கள். பன்னாட்டுத் தர அமைப்பு 2018ஆம் ஆண்டு வெளியிட்ட ஐஎஸ்ஓ 19650 என்னும் தரநூல் இவற்றை ஒழுங்குபடுத்துகிறது.

முதலாவது, தகவல் தேவை ஆவணம். கட்டடத்தைக் கட்டுவிப்பவர், தமக்கு எந்தெந்தச் செய்திகள், எந்தக் கட்டத்தில், எந்த வடிவில் வேண்டும் என்று இதில் எழுதுகிறார். மருத்துவமனையைக் கட்டுவிப்பவருக்கு ஆக்சிஜன் குழாய்களின் தடமும் அடைப்பிதழ்கள் இருக்கும் இடமும் இன்றியமையாதவை. கிடங்கைக் கட்டுவிப்பவருக்குத் தளம் தாங்கும் எடை முதன்மையானது. கேட்காத செய்தி கிடைக்காது. தேவைக்குமேல் கேட்ட செய்தி குப்பையாகத் தேங்கும். எனவே, எதனைக் கேட்பது என்று அறிவதே ஆவணப்படுத்தலின் முதற்படி.

இரண்டாவது, செயலாக்கத் திட்ட ஆவணம். கேட்கப்பட்ட செய்திகளை யார், எப்போது, எந்த மென்பொருளின் துணையால், எப்படித் தருவார்கள் என்னும் மறுமொழி இது. அளவைகள் மில்லிமீட்டரிலா மீட்டரிலா, எந்தப் புள்ளியிலிருந்து எல்லா அளவுகளும் தொடங்குகின்றன என்பனவும் இதில் இடம்பெறும். கட்டடக் கலைஞர் ஒரு தொடக்கப்புள்ளியையும் பொறியாளர் வேறொரு தொடக்கப்புள்ளியையும் கொண்டால், இருவரின் மாதிரிகளை இணைக்கும்போது தூண்கள் சுவர்களை விட்டு விலகி நிற்கும்.

மூன்றாவது, விவர நிலைக் குறிப்பு. திரையில் தெரியும் தூண் ஒன்று கூர்மையாகவும் முழுமையாகவும் தோன்றும். அதனைக் காண்பவர், எல்லாம் முடிவாகிவிட்டது என்று எண்ணுவர். உண்மையில் அது ஓர் ஊகமாகவே இருக்கக்கூடும். இந்த மயக்கத்தைத் தவிர்க்கும்பொருட்டு, அமெரிக்கக் கட்டடக் கலைஞர் கழகம் 2008ஆம் ஆண்டு விவர நிலைகளை எண்களால் குறித்தது. 100 என்பது இங்கே தூண் ஒன்று வரும் என்னும் குறிப்பு. 200 என்பது தோராய அளவு. 300 என்பது உறுதியான அளவு. 400 என்பது பட்டறையில் செய்வதற்குப் போதிய விவரம். 500 என்பது கட்டியபின் களத்தில் அளந்து சரிபார்த்த நிலை. கையால் வரைந்த கோட்டோவியம் தன் ஐயத்தைத் தானே காட்டிவிடும். கணினி மாதிரிக்கு அவ்வியல்பு இல்லை. எனவே ஐயத்தையும் எழுதியே வைக்க வேண்டும்.

நான்காவது, மோதல் பதிவு. பல துறையினரின் மாதிரிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது, காற்றுக்குழாய் உத்திரத்தின் ஊடே செல்வதும் கழிவுநீர்க்குழாய் மின்தடத்தில் குறுக்கிடுவதும் தெரியவரும். களத்தில் கண்டிருந்தால் உடைத்துத் திருத்த வேண்டியவற்றை இங்கே திரையிலேயே திருத்தலாம். ஆனால், மோதலைக் கண்டுபிடிப்பது பாதிப்பணியே. அதனைத் தீர்ப்பவர் யார், குழாய் விலகுமா உத்திரம் மாறுமா, அம்முடிவு எந்த நாளில் எடுக்கப்பட்டது, மாற்றத்தால் வலிமை குறைகிறதா என்று கணக்கிட்டவர் யார் என்பவற்றைப் பதிவுசெய்தால்தான் பணி முழுமை பெறும். கேன்சஸ் நகரில் இல்லாமற்போன ஏடு இதுவே.

நான்கு நிலைகள்

இந்த ஆவணங்களும் மாதிரிகளும் ஒவ்வொருவருடைய கணினியிலும் சிதறிக் கிடந்தால் எது புதியது, எது பழையது என்னும் குழப்பம் நீங்காது. எனவே, திட்டத்தில் பங்கேற்கும் அனைவருக்கும் பொதுவான தரவுச்சூழல் ஒன்று அமைக்கப்படுகிறது. அதில் ஒவ்வொரு கோப்பும் நான்கு நிலைகளுள் ஒன்றில் இருக்கும்.

செய்துகொண்டிருப்பது ‘பணி நடப்பில்’ என்னும் நிலையில் இருக்கும்; அதனை உருவாக்கும் குழுவினர் மட்டுமே காண்பர். சரிபார்த்தபின் ‘பகிரப்பட்டது’ என்னும் நிலையை அடையும். பிற துறையினர் அதனைப் பார்த்துத் தம் வடிவமைப்போடு ஒப்பிடலாம். ஆயினும் அதனைக்கொண்டு கட்டக்கூடாது. உரியவர் ஏற்றுக்கொண்டபின் ‘வெளியிடப்பட்டது’ ஆகும். இதனைக்கொண்டே களப்பணி நடக்கும். நீக்கப்பட்ட பழைய வடிவங்கள் அழிக்கப்படாமல் ‘காப்பகம்’ என்னும் நிலையில் காக்கப்படும். முன்பு எப்படி இருந்தது, ஏன் மாற்றப்பட்டது என்பதைப் பிற்காலத்தில் அறிய அதுவே சான்று.

கோப்பின் பெயரிலும் ஒழுங்கு உண்டு. திட்டம், உருவாக்கிய நிறுவனம், கட்டடப் பகுதி, தளம், கோப்பின் வகை, துறை, வரிசை எண் ஆகியவற்றின் குறியீடுகள் ஒரே வரிசையில் அமையும். ‘இறுதி’, ‘புதிய இறுதி’, ‘கடைசி இறுதி’ என்றெல்லாம் கோப்புகளுக்குப் பெயரிட்டுப் பின்பு திண்டாடுவது நாமும் அறிந்ததே. வீட்டுப்பாடத்தில் அது நகைப்புக்குரியது. உத்திரத்தின் வரைபடத்தில் அவ்வாறன்று.

தெரிந்து தெளிவோம்

கட்டடம் பல தலைமுறைகள் நிற்கும். அதனை வடிவமைத்த மென்பொருளோ சில ஆண்டுகளிலேயே வழக்கொழியலாம். எனவே, எந்த ஒரு நிறுவனத்தின் மென்பொருளையும் சாராத பொதுக்கோப்பு வடிவம் ஒன்று உருவாக்கப்பட்டது. ‘ஐஎஃப்சி’ எனப்படும் அவ்வடிவம் 2013ஆம் ஆண்டு ஐஎஸ்ஓ 16739 என்னும் பன்னாட்டுத் தரமாக வெளியிடப்பட்டது.

கட்டியபின் தொடரும் நூல்

கட்டடம் திறக்கப்பட்டதும் ஆவணப்பணி முடிந்துவிட்டது என்று கருதுவது இயல்பு. உண்மையில் ஆவணத்தின் பயன் அப்போதுதான் தொடங்குகிறது. சுவருக்குள் புதைந்த குழாயையும் கான்கிரீட்டுக்குள் மறைந்த கம்பியையும் பின்னாளில் கண்ணால் காண இயலாது. மூடுவதற்கு முன் அளந்து எழுதியதே அவற்றைப் பற்றி எஞ்சும் அறிவு. வடிவமைத்தபடியே எல்லாம் கட்டப்படுவதும் இல்லை. ஆகவே, ‘கட்டியபடி’ நிலையைக் காட்டும் மாதிரி தனியே தேவைப்படுகிறது. நள்ளிரவில் குழாய் வெடித்தால், எந்த அடைப்பிதழை மூட வேண்டும் என்று தேடும் பராமரிப்புப் பணியாளருக்கு அழகிய முப்பரிமாணப் படத்தைவிட இந்த ஒரு செய்தியே பெரிது.

2017ஆம் ஆண்டு ஜூன் 14 அன்று இலண்டனில் கிரென்ஃபெல் கோபுரம் என்னும் 24 மாடிக் குடியிருப்பில் தீப்பற்றியது. புதுப்பிப்பின்போது வெளிச்சுவரில் பொருத்தப்பட்டிருந்த, எரியக்கூடிய உறைப்பலகைகளின் வழியே தீ மேலேறியது. 72 பேர் மாண்டனர். இதன்பின் இங்கிலாந்தின் கட்டட விதிகளை ஆராய்ந்த டேம் ஜூடித் ஹாக்கிட் 2018ஆம் ஆண்டு தம் அறிக்கையை அளித்தார். கட்டடங்களைப் பற்றிய செய்திகள் முழுமையாகவும் முறையாகவும் காக்கப்படாமையை அவ்வறிக்கை பெருங்குறையாகச் சுட்டியது. உயர்ந்த குடியிருப்புகளுக்கு வடிவமைப்பு முதல் குடியிருப்புக்காலம் வரை அறுபடாத மின்னணுப் பதிவு ஒன்று வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அந்தப் பதிவுக்கு அவ்வறிக்கை இட்ட பெயர் ‘கோல்டன் த்ரெட்’, அதாவது பொன்னிழை. இழையையும் ஏட்டையும் ஒரே சொல்லால் குறிக்கும் நம் மொழியில் இதனைப் ‘பொன்னூல்’ என்றே சொல்லலாம். 2022ஆம் ஆண்டின் கட்டடப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இப்பதிவு அங்கே கட்டாயமாயிற்று.

ஆவணம் கட்டடத்தை மீட்டெடுக்கவும் உதவும். பாரிசின் நோட்ரடாம் பேராலயம் 12ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கப்பட்டது. கலை வரலாற்றாசிரியர் ஆண்ட்ரூ டாலன் 2010ஆம் ஆண்டு அதனை லேசர் கருவியால் அளந்து, நூறு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளாகப் பதிவுசெய்தார். பழைய கைவினைஞர்கள் எவ்வாறு கட்டினர் என்பதை அறிவதே அவர் நோக்கம். அவர் 2018ஆம் ஆண்டு மறைந்தார். மறு ஆண்டு ஏப்ரல் 15 அன்று பேராலயத்தின் கூரை எரிந்தது. தீக்கு முன்பும் பின்பும் எடுத்த அளவுகளைக்கொண்டு தகவல் மாதிரி உருவாக்கப்பட்டு மீட்புப்பணிக்குத் துணைநின்றது. 2024ஆம் ஆண்டு டிசம்பரில் பேராலயம் மீண்டும் திறக்கப்பட்டது. தம் அளவுகள் இதற்குப் பயன்படும் என்று டாலன் எண்ணியிருக்க வாய்ப்பில்லை. ஆவணம் எழுதுபவர் பெரும்பாலும் தாம் அறியாத ஒருவருக்காகவே எழுதுகிறார்.

கருவியும் கடமையும்

கணினி மாதிரி இருந்திருந்தால் கேன்சஸ் விபத்து நேர்ந்திருக்காது என்று உறுதி கூற இயலாது. இரண்டு தண்டுகளையும் மாதிரி அழகாகவே காட்டியிருக்கும். அவை ஒன்றோடொன்று மோதவில்லை. ஆகையால் மோதலைக் கண்டறியும் மென்பொருளும் வாய்திறந்திருக்காது. ‘இந்த மரை இப்போது எவ்வளவு எடையைத் தாங்குகிறது?’ என்று வினவ ஒரு மனிதர் வேண்டும். அவ்வினாவை எழுப்பாமல் எவரும் கையொப்பமிட்டுக் கடந்துவிடாதபடி தடுப்பதே நல்ல ஆவணமுறையின் பணி. மாற்றம் எழுத்தில் வர வேண்டும். கணக்கு இணைக்கப்பட வேண்டும். பொறுப்பேற்பவரின் பெயர் இருக்க வேண்டும். இவை வேலையைத் தாமதப்படுத்தும் சடங்குகள்போலத் தோன்றலாம். அந்தச் சிறு தாமதமே, பார்க்கத் தவறியதைப் பார்ப்பதற்கான வாய்ப்பு.

நாம் நாள்தோறும் ஏறி இறங்கும் படிக்கட்டும், தலைக்குமேல் நிற்கும் கூரையும் நாம் அறியாத சிலருடைய கணக்குகளின்மேல் நிற்கின்றன. அவர்கள் பிடித்த நூல் நேராக இருந்ததா என்பதை அவர்கள் எழுதிய நூலே சொல்லும். நாளை கட்டடக்கலையையோ பொறியியலையோ கற்கச் செல்லும் மாணவர்களின் கைக்கு இவ்விரு நூல்களும் வந்து சேரும். இரண்டும் அறாமல் காப்பது அவர்களின் கடமை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வகுப்பறையின் கதவு, சாளரங்கள், மின்விசிறிகள் ஆகியவற்றின் அளவு, பொருள், இருக்கும் இடம் ஆகியவற்றைக் குறித்து ஓர் ஆவணம் உருவாக்குக. அதனை அறையைக் காணாத ஒருவரிடம் தந்து, அவரால் அறையை வரைய இயல்கிறதா எனப் பார்க்க.

2. ‘எஃகு தோற்பதற்கு முன்பே ஆவணம் தோற்றுவிட்டது’ என்னும் கூற்றைக் கேன்சஸ் நகர நிகழ்வின்வழி விளக்கி ஒரு பக்க அளவில் எழுதுக.

3. உங்கள் ஊரில் கட்டப்பட்டுவரும் கட்டடம் ஒன்றின் மேற்பார்வையாளரைச் சந்தித்து, வரைபடத்தில் மாற்றம் செய்ய நேர்ந்தால் அதனை எவ்வாறு பதிவுசெய்கின்றனர் என்பதைக் கேட்டறிந்து வகுப்பில் பகிர்க.